நைனாவும் ஜீனோவும்: எல்லையோரத்தில் விஞ்ஞானக் கதை படித்த கதை

போன மாசம் திருத்தணி வீட்டுப் பரணை ஒழிச்சேன். நைனா போனது 2019-ல. அதுக்கப்புறம் அந்தப் பரண்ல ஏற எனக்கு மனசு வரல. இந்த மழைக்கு ஓடு ஒழுக ஆரம்பிச்சதால வேற வழியில்லாமப் போச்சு. (எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை ஓரம், வீட்டுல பாதி தெலுங்கு, பாதி தமிழ். கண்டுக்காதீங்க.)

கிடைச்ச சொத்து விவரம்: எலி கடிச்ச அம்புலிமாமா ஒரு கட்டு, அதே மாசங்களோட தெலுங்கு சந்தமாமா இன்னொரு கட்டு. அட்டை போன முத்து காமிக்ஸ் ஏழெட்டு. மூர் மார்க்கெட்ல வாங்கின ஆர்தர் சி. கிளார்க் நாவல் ஒண்ணு. அப்புறம், சிவப்பு காலிகோ துணி போட்டு பைண்டு பண்ணின ஒரு தடிமனான புத்தகம். முதுகுல மசியில எழுதியிருந்தது: 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்போ வாராவாரம் கிழிச்சு, சேர்த்து, தைச்சது. அந்தக் காலத்துல இது எல்லா வீட்லயும் நடந்ததுதான். உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு 'பொன்னியின் செல்வன்' இப்படி இருக்கும்.

அந்தப் புத்தகத்தைத் திறந்தப்புறம் பரண் வேலை அப்படியே நின்னு போச்சு. ஏன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொசுவத்தியைக் கொஞ்சம் நீளமாவே சுத்த வேண்டியிருக்கு. விஞ்ஞானக் கதைன்னா தமிழ் வாசகர்கள் என்ன நினைச்சாங்க, என்ன சொல்லித் திட்டினாங்க, என்ன சொல்லிக் கொண்டாடினாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வரலாறு இது. எங்க ஊர்ல இருந்து, எங்க நைனா வழியா பார்த்தது.

ஊர் நகரல, எல்லை நகர்ந்துச்சு

முதல்ல ஊர். திருத்தணின்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது முருகன் கோயில், வருஷத்துக்கு ஒரு நாள்னு கணக்கு வெச்ச 365 படி, ஆடிக் கிருத்திகைக்கு வர்ற பூக்காவடி, டிசம்பர் 31 ராத்திரி நடக்கிற படித் திருவிழா. கொஞ்சம் பொது அறிவு உள்ளவங்க டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர்னு சொல்வாங்க. நிறைய பேருக்குத் தெரியாதது, இந்த ஊர் ஆறரை வருஷம் ஆந்திராவுல இருந்துச்சு.

1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் உருவானப்போ சித்தூர் மாவட்டம் அதோட போச்சு. மாவட்டத்தோட திருத்தணியும் போச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் எல்லாம் போராடினாங்க. தமிழ் நிலத்தோட வட எல்லை வேங்கடம்னு தொல்காப்பியப் பாயிரம் சொல்லுது இல்லையா, அதனால திருப்பதியே வேணும்னுதான் கேட்டாங்க. அது நடக்கல. படாஸ்கர் சிபாரிசு பண்ணி, 1959-ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. பதிலுக்கு சத்தியவேடு பக்கமெல்லாம் ஆந்திராவுக்குப் போச்சு.

நைனாவுக்கு அப்போ பதினோரு வயசு. தெலுங்கு மீடியத்துல படிச்சிட்டிருந்தார். "மார்ச் 31 ராத்திரி ஆந்திராவுல படுத்தோம், காலைல மெட்ராஸ்ல எந்திரிச்சோம். கட்டில் கூட நகரலடா. அதுவும் பார்த்து பார்த்து ஏப்ரல் ஒண்ணாந்தேதி" என்பார். தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததுல அவருக்கு சந்தோஷம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு பையனுக்கு, திடீர்னு ஒரு நாள் பள்ளிக்கூடத்து பாஷை மாறிப்போனா எப்படி இருக்கும்?

இங்கதான் அம்புலிமாமா வருது. 1947 ஜூலையில தெலுங்கிலயும் தமிழ்லயும் தொடங்கின பத்திரிகை. ரெண்டுலயும் ஒரே படம், ஒரே கதை, எழுத்து மட்டும் வேற. நைனா ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல விரிச்சு வெச்சுத்தான் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டார். பரண்ல ரெண்டு கட்டு ஏன் இருந்ததுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

முதல் தீர்ப்பு: "இதெல்லாம் நம்ம புராணத்துலயே இருக்கு"

1963-ல 'கலை அரசி' வந்துச்சு. எம்.ஜி.ஆர்., பானுமதி. வேற்றுக் கிரகத்துல இருந்து நம்பியார் விண்கலத்துல வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போவார். எதுக்கு? தங்கத்துக்கோ தண்ணிக்கோ இல்ல, அவங்க கிரகத்துக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்க! இந்தியாவுலயே வேற்றுக் கிரகவாசி வந்த ரொம்ப ஆரம்பகாலப் படங்கள்ல இது ஒண்ணு. (அதுக்கு முன்னாடி 1952-ல மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காக்காரங்களோட சேர்ந்து 'காடு'ன்னு ஒரு படம் எடுத்தாங்க. அதுல காட்டுக்குள்ள ரோமம் வெச்ச மாமத யானைங்க வரும்.)

டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உட்கார்ந்து பார்த்த நைனா சொன்னது: சனங்க யாரும் அசரவே இல்லையாம். ராவணன் சீதையைப் புஷ்பக விமானத்துல தூக்கிட்டுப் போகலையா, அது மாதிரிதான்னு எடுத்துக்கிட்டாங்களாம். விஞ்ஞானக் கதை மேல நம்ம சனங்க கொடுத்த முதல் தீர்ப்பு இதுதான். இன்னிக்கும் வாட்ஸ்அப்ல ஓடிட்டிருக்கு.

நான் காலேஜ் படிக்கிறப்போ இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். புராணத்துல விமானம் பறக்கும், ஆனா எப்படிப் பறக்குதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. விஞ்ஞானக் கதையில எப்படின்னு கேக்கணும், அதுக்கு ஒரு விதி இருக்கணும், அந்த விதியைக் கதாசிரியரே மீற முடியாது. ரெண்டும் ஒண்ணா?

நைனா இதை எனக்கு முன்னாடியே இரும்புக்கை மாயாவி கிட்ட கத்துக்கிட்டிருந்தார். 1972-ல சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் இதழே அவர்தான். பிரிட்டன்ல 1962-லேயே வந்த சித்திரக்கதை. லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சிடும், ஆனா இரும்புக் கை மட்டும் தெரியும். இதான் விதி. மாயாவி மறையணும்னா சுவத்துல பிளக் பாயிண்ட் தேடணும்! கரெண்ட் இல்லைன்னா அவரும் நம்மள மாதிரிதான். "அனுமாருக்கு ஸ்விட்ச் போர்டு தேவையில்ல. இவருக்குத் தேவை. அதான் வித்தியாசம்" என்பார் நைனா. கரெண்ட் அடிக்கடி போற ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் படிச்சா எவ்வளவு திக்திக்னு இருக்கும், யோசிச்சுப் பாருங்க :)

1984-ல லயன் காமிக்ஸ் வந்தப்புறம் எங்க தலைமுறைக்குச் சட்டித்தலையன் ஆர்ச்சி கிடைச்சான். கோட்டை மாதிரி ஒரு கால எந்திரத்துல ஏறி ஊர் சுத்துற ரோபோ. பள்ளிக்கூடத்துல ஆர்ச்சி பெருசா, ஸ்பைடர் பெருசான்னு சட்டை கிழியற அளவுக்குச் சண்டை நடந்திருக்கு. தமிழ்ல விஞ்ஞானக் கதை விமர்சனம் எங்க தொடங்குச்சுன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணினா, ரீசஸ் பெல்லுக்கும் அடுத்த பெல்லுக்கும் நடுவுலதான் தேடணும்.

ரெண்டாவது தீர்ப்பு: "சொன்னது பலிச்சுதா?"

அப்புறம் வந்தார் வாத்தியார்.

சுஜாதா பத்தி உங்களுக்குப் புதுசா நான் என்ன சொல்லப் போறேன்? பெங்களூர் பெல் நிறுவனத்துல என்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதுல முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. (அந்த எந்திரம் முதல்ல தேர்தல்ல வந்தது 1982-ல கேரளாவுல பரவூர்ல.) ஜூனியர் விகடன்ல 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில். வானம் ஏன் நீலம்ங்கிறதுல இருந்து எல்லாத்தையும் வாசகர்கள் அவர்கிட்டதான் கேட்டாங்க. அவரும் சலிக்காம பதில் எழுதினார். அந்தப் பழக்கம்தான் கதைக்கும் தொத்திக்கிச்சுன்னு நினைக்கிறேன். கதையையும் கேள்வி பதில் மாதிரியே படிச்சோம். இது நடக்குமா? எப்போ நடக்கும்? வாத்தியார் சொல்லிட்டார், சரியாத்தான் இருக்கும்.

1986-ல 'விக்ரம்' வந்துச்சு. குமுதத்துல தொடர், தியேட்டர்ல கமல். அதுல 'அக்னி புத்திரன்'னு ஒரு ஏவுகணை. 1989 மே மாசம் நிஜமாவே இந்தியா 'அக்னி' ஏவுகணையைச் சோதிச்சப்போ எங்க தெருவே ஆடிப் போச்சு. "பார்த்தியா, மனுசன் முன்னாடியே சொன்னார்!" சந்து முனையில கிளி சீட்டு எடுத்துக் கொடுக்குமே, அது மாதிரி ஒரு மரியாதை அன்னையிலருந்து.

'என் இனிய இயந்திரா' கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: 2020-களோட தொடக்கம். ஜீவாங்கிற சர்வாதிகாரி ஆட்சி. எல்லாருக்கும் எண் உண்டு. பேர் ரெண்டெழுத்துக்கு மேல கூடாது. குழந்தை பெத்துக்க அரசாங்கம் அனுமதி தரணும். நிலாவுக்கும் சிபிக்கும் அனுமதி கிடைக்குது, அப்போ பார்த்து சிபி காணாமப் போறான். நிலா வீட்டுக்கு ரவின்னு ஒருத்தன் வர்றான், கூடவே ஜீனோ. ஜீனோ ஒரு எந்திர நாய். புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேக்கும், கிண்டல் பண்ணும். கதைல எல்லாரையும் விட மனுசத்தனமா இருக்கிறது அதுதான். கடைசில ஜீவா யாருன்னு பார்த்தா… படிக்காதவங்க இருந்தா இந்தப் பத்தியோட நிறுத்திட்டு அடுத்த தலைப்புக்குப் போயிடுங்க… ஜீவான்னு ஒரு ஆளே இல்ல. மக்கள் கும்பிட்டது வெறும் ஹோலோகிராம் பிம்பத்தை. தூர்தர்ஷன்ல தொடராவும் வந்துச்சு. 'மீண்டும் ஜீனோ'ன்னு ரெண்டாம் பாகமும் வந்துச்சு.

எனக்கும் நைனாவுக்கும் சண்டை தொடங்கினது இங்கதான். நான் வளர்ந்து, கம்ப்யூட்டர் படிச்சு, மெட்ராஸ்ல வேலைக்குச் சேர்ந்து, லீவுக்கு வர்றப்பெல்லாம் ஒரு பட்டியல் வாசிப்பேன். "நைனா, 1999-ல சோனி கம்பெனி ஐபோன்னு எந்திர நாய் விட்டாச்சு. வாத்தியார் பாஸ். ஆளுக்கு ஒரு எண்ணு, அது ஆதார்ல வந்தாச்சு. பாஸ். ரெண்டெழுத்துப் பேர் வரல. ஃபெயில்." இப்படி மார்க் போட்டுட்டே இருப்பேன். நைனா எதுவும் சொல்லமாட்டார். வெத்தலை மடிச்சிட்டே, "நீ ஏண்டா எப்பப் பார்த்தாலும் ஜோசியம் மாதிரியே படிக்கிறே?" என்பார். "பின்ன எப்படிப் படிக்கணும்?" "போ, போய் உங்கம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

அவ்ளோதான். அதுக்கு மேல சொல்ல மாட்டார். அவருக்கு இந்தத் துறையில சரக்கு கம்மின்னு நான் முடிவு கட்டிட்டேன்.

மூணாவதும் நாலாவதும்: "காப்பி", "இலக்கியமே இல்ல"

இந்த ரெண்டு தீர்ப்பையும் ஒண்ணாவே பார்த்துடலாம்.

காப்பின்னு சொல்றவங்க கிட்ட ஆதாரம் இல்லாம இல்ல. பிரிட்டன்ல 'டாக்டர் ஹூ' டிவி தொடர்ல 1977-லேயே கே-நைன்னு ஒரு எந்திர நாய் வந்தாச்சு. அதுவும் பேசும். அசிமோவ் 1942-லேயே ரோபோக்களுக்கு மூணு விதி எழுதிட்டார். எண் போட்ட மனுசங்களும் எல்லாத்தையும் பார்த்துட்டிருக்கிற தலைவரும் மேல்நாட்டு நாவல்கள்ல நிறையவே உண்டு. ஆனா இந்தத் துறையே அப்படித்தான். வெல்ஸ் 1895-ல கால எந்திரத்தைச் செஞ்சார். அப்புறம் உலகத்துல எல்லாரும் அதுல ஏறிட்டாங்க, யாரும் டிக்கெட் எடுக்கல. தமிழ்லயே, மேரி ஷெல்லி 1818-ல எழுதின 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்'னு கொடுத்தது யாரு? நம்ம புதுமைப்பித்தன்தான். கருவி எங்கிருந்து வந்ததுங்கிறதை விட, அதை வெச்சு நம்மாளு என்ன செஞ்சார்ங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

இதுக்கு எங்க எல்லையோர உதாரணம் ஒண்ணு. 1991-ல தெலுங்குல 'ஆதித்யா 369'. சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், பாலகிருஷ்ணா ஹீரோ. தமிழ்ல 'அபூர்வ சக்தி 369'னு டப்பிங் வந்துச்சு. நாங்க அதுவரைக்கும் காத்திருக்கல, பஸ் புடிச்சு நகரிக்குப் போய் தெலுங்குலயே பார்த்துட்டோம். கால எந்திரம் கிருஷ்ணதேவராயர் சபைக்குப் போகும். அப்புறம் அணுகுண்டுகள் போட்டு நாசமான எதிர்காலத்துக்கும் போகும். எந்திரம் வெல்ஸோடது, ஆனா அது போய் நின்ன ஊர் எங்களோடது. திரும்பி வர்றப்போ பஸ் செக்போஸ்ட்ல நின்னுச்சு. நைனா ஜன்னல் வழியா பார்த்துட்டே சொன்னார்: "ராயர் காலத்துல இந்த கேட் இல்ல."

இலக்கியம் இல்லைன்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றதை விட, ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்புல கதையாவே பதில் சொல்லிட்டார். சித்த மருத்துவம், ரசவாதம்னு நம்ம பக்கத்து அறிவு மரபுகளைக் கையில எடுத்துக்கிட்டு, அதுல இருந்து 'இப்படி இருந்தா?'ன்னு கேள்வி கேட்ட கதைகள். ராக்கெட்டும் ரோபோவும் இல்லாமலே விஞ்ஞானக் கதை எழுத முடியும்னு காட்டினது. சுஜாதா ரசிகர்களுக்கும் ஜெயமோகன் ரசிகர்களுக்கும் நடக்கிற வாய்க்கா தகராறுல நான் இறங்கல. ரெண்டு பேர் புத்தகமும் எங்க வீட்ல ஒரே அலமாரியிலதான் இருக்கு, இதுவரைக்கும் அடிச்சுக்கல.

ரெண்டு மலை

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு விஞ்ஞானக் கதைகள் மலையைப் பத்தினது. மலையடிவாரத்துல பிறந்தவன், வேற எப்படி இருக்கும்?

ஒண்ணு சுஜாதாவோட 'திமலா'. சிறுகதை. ரொம்ப தூரத்து எதிர்காலம். எல்லாமே மாறிப்போச்சு, எந்திரங்கள் சூழ்ந்த வாழ்க்கை. திருமலைங்கிற பேரே தேய்ஞ்சு 'திமலா' ஆயிடுச்சு. ஆனா மனுசங்க அங்க போறது மட்டும் நிக்கல. நாங்க மாசம் ஒரு தடவை ரயிலேறி ரேணிகுண்டா வழியா போயிட்டு வர்ற ஊர் அது. வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ்ல, கம்ப்யூட்டர் கொடுத்த டோக்கனோட, கம்பிக் கதவு எப்போ திறக்கும்னு உட்கார்ந்திருக்கிறப்போ, அந்தக் கதைக்குள்ளதான் இருக்கோமோன்னு எனக்கு சந்தேகம் வந்திருக்கு.

இன்னொண்ணு கிளார்க்கோட 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', 1979. கிளார்க் 1956-லேயே இலங்கைக்கு வந்து குடியேறி, கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தார். பூமியில இருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டணும்னு ஒரு என்ஜினியர் ஆசைப்படறார். அதுக்கு ஏத்த இடம் உலகத்துல ஒரே ஒரு மலை. அந்த மலை உச்சியில புத்த மடம். பிக்குகள் இடத்தைக் காலி பண்ண மாட்டேங்கறாங்க. சிவனொளிபாத மலையும் சிகிரியாவும் அந்த நாவல்ல வேற பேர்ல இருக்கு. இலங்கையைப் பூமத்திய ரேகைக்கு நகர்த்தினாத்தான் கணக்கு ஒத்து வரும்னு தீவையே தெற்கே நகர்த்திட்டார் மனுசன்.

நைனா இதை மூர் மார்க்கெட் எரியறதுக்கு (1985 மே) கொஞ்சம் முன்னாடி வாங்கினார். டிக்‌ஷனரி வெச்சு ஆறு மாசம் படிச்சார். நான் லிஃப்ட் எப்படி நிக்கும், கயிறு அறுந்துடாதான்னு கேட்டேன். அவர் கேட்டது வேற: "மலை மேல இருக்கறவங்களைக் கேக்காம கீழ இருக்கறவன் கோடு போடலாமா?"

அப்போ எனக்கு அது விளங்கல.

2008

2008 பிப்ரவரி 27-ம் தேதி சுஜாதா போனார். சரியா மூணு வாரம் கழிச்சு, மார்ச் 19-ம் தேதி, கொழும்புல கிளார்க் போனார். நைனா ரெண்டு நாளும் பேப்பரை மடிச்சு வெச்சிட்டு, மத்தியானம் வரைக்கும் வாயே திறக்கல.

அதே வருஷம் அக்டோபர் 22, காலைல ஆறேகால் மணிக்கு மேல, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து சந்திரயான்-1 கிளம்புச்சு. எங்க ஊர்ல இருந்து காக்கா பறக்கிற தூரத்துல சுமார் 90 கிலோமீட்டர். வானம் தெளிவா இருந்தா மலை மேல இருந்து வடகிழக்கே ஒரு நெருப்புப் பொட்டு மேல ஏறுறது தெரியும். மூட்டுவலியோட நைனா இருட்டுலயே 365 படியும் ஏறி வந்தார். ஐப்பசி மாசம், ஒரே மேகம். ஒண்ணும் தெரியல. நான் நொந்துக்கிட்டேன். அவர் சாமி கும்பிட்டு, "போயிருக்கும்டா, நமக்குத் தெரியணும்னு என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டார். 2023 ஆகஸ்ட்ல சந்திரயான்-3 நிலாவுல இறங்கினப்போ அவர் இல்ல.

பென்சில் குறி

இப்போ பரணுக்கு வர்றேன்.

அந்த சிவப்பு பைண்டிங்கைத் திறந்தா, ஓரத்துல பென்சில் குறிகள். எனக்குத் திக்குனு ஆச்சு. நைனாவும் எனக்குத் தெரியாம மார்க் போட்டிருக்காரா? எது பலிச்சது, எது பலிக்கலைன்னு? ஆவலாப் புரட்டினேன்.

ஜீனோ வர்ற பக்கங்கள்ல ஒரு குறியும் இல்ல. கருவிங்க, வாகனங்க வர்ற இடத்துலயும் இல்ல. நான் பட்டியல் போட்ட எதையுமே அவர் தொடல. குறி இருந்தது மொத்தம் மூணு இடத்துல. நிலாவுக்குக் குழந்தை பெத்துக்க அனுமதி வர்ற இடம். ஜீவா வெறும் பிம்பம்னு தெரிய வர்ற இடம். இந்த ரெண்டுலயும் கோடு மட்டும். மூணாவது, பேர் ரெண்டெழுத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற இடம். அங்க மட்டும் ஓரத்துல ஒரே ஒரு எழுத்து. தெலுங்கு எழுத்து.

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அத்தை கிட்ட காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "லு"ன்னாங்க. சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

"உங்க நைனா பேர் கடைசில முதல்ல 'லு' இருந்துச்சுடா. இந்தப் பக்கம் வந்தப்புறம் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்ல யாரோ ஒரு வாத்தியார் 'ன்' போட்டுட்டாரு. நல்ல எண்ணத்துலதான் போட்டாரு. அப்பவும் இவன் ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் மறந்துட்டான்னு நெனச்சோம்."

அம்பது வருஷத்துக்கு மேல நைனா அந்த 'ன்' போட்ட பேர்லதான் கையெழுத்து போட்டார். அரசாங்க ஆபீஸ்ல குமாஸ்தா வேற. ஊர் சனங்களோட பேரை எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதினவர். யார் பேரையும் ரெண்டு தடவை கேக்காம எழுத மாட்டார், "எப்படிம்மா எழுதணும், நீங்களே சொல்லுங்க"ன்னு கேப்பார்னு அவரோட வேலை பார்த்தவங்க சாவுக்கு வந்தப்போ சொன்னாங்க. அன்னிக்கு அது எனக்கு ஒரு நல்ல குணமா மட்டும்தான் தெரிஞ்சுது.

நான் ஃபெயில் போட்டேனே, ரெண்டெழுத்துப் பேர், அதுக்கு நைனா எப்பவோ பாஸ் போட்டு வெச்சிருந்தார். எதிர்காலத்துல வரப்போகுதான்னு நான் பார்த்துட்டிருந்தேன். அவருக்கு அது பதினோரு வயசுலயே நடந்து முடிஞ்ச விஷயம்.

இதுக்கப்புறம் அந்த நாவலையும் ரெண்டாம் பாகத்தையும் திரும்பப் படிச்சேன். மின்னணு ஓட்டு எந்திரத்துக்காக வேலை பார்த்த ஒரு என்ஜினியர், ஓட்டே தேவைப்படாத ஒரு ஆட்சியை எழுதியிருக்கார். கும்பிட ஒரு பிம்பம் போதும், பின்னாடி யார் இருக்காங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கார். 'மீண்டும் ஜீனோ'வுல அந்தப் பிம்பத்தை இறக்கினவங்களே நிலாவை ராணியாக்கி இன்னொரு பிம்பத்தை ஏத்தி வெக்கறாங்க. இதுல எது 2020-களைப் பத்தின ஜோசியம்? எழுதினப்பவும் நடந்தது, அதுக்கு முன்னாடியும் நடந்தது. நாம எந்திர நாயைப் பார்த்து வாயைப் பொளந்துட்டு இதை விட்டுட்டோம். சரி, நீங்க விட்டீங்களான்னு தெரியாது. நான் விட்டுட்டேன்.

அதுக்காகப் பலிச்சுதான்னு பார்க்கிற பழக்கமே தப்புன்னு சொல்ல வரல. நம்ம ஊர்ல விஞ்ஞானக் கதைக்கு இவ்வளவு வாசகர்களைக் கொண்டு வந்ததே அந்தப் பழக்கம்தான். 'அக்னி' பறந்த அன்னிக்கு எங்க தெருவுல இருந்த சந்தோஷத்தை நான் யார்கிட்டயும் விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனா அதை மட்டுமே வெச்சு மார்க் போட்டா, கதையில குறிச்சிருந்த வருஷம் வந்ததும் புத்தகத்தைப் பரண்ல தூக்கிப் போட வேண்டியதுதான். 'என் இனிய இயந்திரா'வோட வருஷம் கடந்து போயாச்சு. புத்தகம் பழசாகல.

வெளிநாட்டுல மாற்று வரலாறுன்னு ஒரு வகைக் கதை உண்டு. பிலிப் கே. டிக் 1962-ல எழுதினார், இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு. எங்க ஊருக்கு அந்தக் கதையை யாரும் எழுதல. 1960-ல எல்லை நகராம இருந்திருந்தா? நைனா 'லு'வோடயே இருந்திருப்பார். நான் இந்தப் பதிவைத் தெலுங்குல எழுதிட்டிருப்பேன். சத்தியவேட்டுல ஒருத்தன் இதே மாதிரி பரண் ஒழிச்சு, தமிழ்ப் பேரைத் தெலுங்குல மாத்திக்கிட்ட அவங்க அப்பாவைப் பத்தித் தமிழ்ல எழுதியிருக்க மாட்டான். இல்ல, ஒருவேளை எழுதியிருப்பானோ?

அந்தப் புத்தகத்தை இப்போ கீழ கொண்டு வந்து அலமாரியில வெச்சிருக்கேன். தெலுங்கு எழுத்து கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். முறை பழசுதான். ஒரு பக்கம் சந்தமாமா, ஒரு பக்கம் அம்புலிமாமா. 'லு' வரைக்கும் வந்தாச்சு.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பைண்டிங் கட்டாயம் இருக்கும். இறக்கி ஓரத்தைப் பாருங்க. என்ன குறி இருக்குன்னு வந்து சொல்லுங்க.

பி.கு.: சுஜாதாவா ஜெயமோகனான்னு சண்டை போட வர்றவங்களுக்கு ஒரு விண்ணப்பம். முருகன் சூரனோட போர் முடிஞ்சு கோபம் தணிஞ்சு உட்கார்ந்த இடம் எங்க ஊர்னு சொல்வாங்க. அதனால மெதுவா :)